தானாக மூடிக்கொள்ளும் கைப்பிடி

எதையாவது கட்டி வைத்திருப்பதைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும். வாசல் கேட்டைக் கம்பியால் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுவார். ஜன்னல் திரையை நாடாவால் சேர்த்துக் கட்டியிருந்தால் அதையும் விடமாட்டார். ரொட்டிப் பொட்டலத்தின் வாயை மனைவி நூலால் சுற்றி வைத்திருந்தால் நறுக்கென்று வெட்டிவிட்டு, மறுநாள் வறண்டுபோன ரொட்டியை வாய் பேசாமல் அவரே தின்று தீர்ப்பார். நாடா வைத்த ஷூவை விட்டொழித்துப் பல வருஷம் ஆகிறது.

"நல்லவேளை, நான் தலையைப் பின்னிப் போடுறேன். கொண்டை போட்டு முடிஞ்சிருந்தா அதையும் வெட்டியிருப்பார்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஃபேக்டரியில் அவருக்குக் கத்தரி என்றே பெயர். பெரியவர்கள் கத்தரி என்பார்கள், சின்னவர்கள் கத்தரி அண்ணன் என்பார்கள். கட்டிப்போட்ட ஒரு கைப்பிடியால் தங்கை புருஷனைப் பறிகொடுத்த மனுஷன், அதிலிருந்து கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஃபேக்டரிக்குள் பட்டாணியும் மக்காச்சோளமும் கேரட்டும் ஒரு பக்கம் மண்ணோடு நுழையும், மறுபக்கம் கல்லாக உறைந்து பைகளில் வெளியே போகும். இடையில் அவற்றைக் குளிர வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் அடங்கி ஓடும்வரை அதைப்போல உழைப்பாளி கிடையாது. வெளியே வந்துவிட்டால் ஈரம் எங்கே என்று தேடும். கண், மூக்கு, தொண்டை, வியர்த்த கழுத்து என்று மனிதனிடம் ஈரத்துக்கா பஞ்சம்?

கம்ப்ரஸரில் ஊற்றுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியாவோடு கிளம்பிப் போய்க் குளிர்ந்த தொட்டியின் அடியில் தங்கிவிடும். அதை அவ்வப்போது அடிவால்வைத் திறந்து வாளியில் இறக்க வேண்டும். எண்ணெய் வரும்வரை கவலை இல்லை. எண்ணெய் தீர்ந்த மறு கணம் அதன் பின்னாலேயே அம்மோனியா பாயும். அதனால்தான் அந்த வால்வுக்கு ஸ்பிரிங் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். இழுத்துப் பிடித்திருக்கும்வரை திறந்திருக்கும், கையை விட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். பிடித்திருப்பவன் மயங்கி விழுந்தாலும் சரி, பயந்து ஓடினாலும் சரி, அது தன் வேலையைச் செய்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவன் மனிதர்களை நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறான். ஆனால் முழுக்கப் புரிந்துகொள்ளவில்லை. குளிர்ந்த எண்ணெய் ஜவ்வுபோல இழுத்து இழுத்து வரும். ஸ்பிரிங் விறைப்பானது. பிடித்து நிற்பவனுக்கு முட்டி கடுக்கும், விரல் மரத்துப்போகும், இரைச்சலில் காது அடைக்கும், வேறு பத்து வேலை தலைக்குள் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் கண் தானாகவே தரையில் ஒரு கயிற்றுத் துண்டைத் தேட ஆரம்பிக்கும்.

கத்தரி மட்டும் கடைசிச் சொட்டுவரை கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். முகமூடியோடு ஒருவன் கதவருகே காவல் நிற்பான். அவனுக்குத் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவன் அந்த அறைக்குள் உண்டு. எதிரே கவிழ்த்துப் போட்ட நீலக் காய்கறிக் கிரேட்டின்மேல் மாப்பிள்ளை வந்து உட்காருவான். அவருடைய தங்கை புருஷன், செத்துப்போனவன். அன்றைக்குப் போட்டிருந்த அதே காக்கிச் சட்டை, சிவந்த கண்கள். பேய் பிசாசு என்று கத்தரி நம்புகிறவர் இல்லை. ஆனாலும் வந்தவனைப் பார்க்காமல் எப்படி இருப்பது? மாப்பிள்ளை திட்டமாட்டான், அழமாட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வான்.

"ரெண்டு நிமிஷம்தான், கட்டிட்டுப் போயிடலாம். யாரு பாக்கப் போறா?"

அது மாப்பிள்ளையின் வாக்கியமே அல்ல. கத்தரி சொன்னது.

அது பட்டாணி சீசன். லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. மத்தியான நேரம், கத்தரி கைப்பிடியைப் பிடித்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தான். உறைய வைக்கும் ஹாலிலிருந்து ஆள் ஓடி வந்தான். விசிறி நின்றுவிட்டது, பட்டாணி எல்லாம் பாளம் பாளமாக ஒட்டுகிறது, உடனே வரவேண்டும் என்றான்.

"விட்டுட்டுப் போங்க மச்சான். அப்புறம் வந்து இறக்கிக்கலாம்" என்றான் மாப்பிள்ளை. அவன் எதற்கும் பயப்படுகிற ஆள். கத்தரி அவனை அதற்காகவே கேலி செய்வார்.

"பாதியில விட்டா திரும்ப மொதல்ல இருந்து மாரடிக்கணும்" என்றார் கத்தரி. அப்போது அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. தரையில் அட்டைப்பெட்டி கட்டும் நீலப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கைப்பிடியைக் குழாயோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்து உள்ளே செருகி, ஒரு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முடிச்சுப் போட்டார். காதை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அந்த முடிச்சில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"ஒரு கண்ணு வெச்சுக்கோ மாப்ள. எண்ணெய் முடிஞ்சா இந்தக் காதை ஒரு இழு இழு, போதும்."

"வேண்டாம் மச்சான்."

"ரெண்டு நிமிஷம்தான். யாரு பாக்கப் போறா?"

விசிறி அவ்வளவு சீக்கிரம் ஓடவில்லை. ஹாலில் இருந்தபோதே கத்தரிக்கு நெடி வந்துவிட்டது. சங்கு ஊதியது. ஈரத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு பெண்கள் காற்றுக்குக் குறுக்கே ஓடினார்கள். அவர் எதிர்ப்பக்கமாக ஓடினார். முகமூடி போட்ட இருவர் அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மாப்பிள்ளைக்கு முதுகுக்குப் பின்னாலேயே கதவு இருந்தது. அவன் ஓடியிருக்கலாம், ஓடுகிற சுபாவம்தான் அவனுக்கு. ஆனால் ஒரு இழு போதும் என்று மச்சான் சொல்லியிருந்தார். மச்சான் வார்த்தையை அவன் தட்டியதில்லை. அம்மோனியா பட்ட பிளாஸ்டிக் பட்டை உறைபனி பூத்து விறைத்துப் போயிருந்தது. அவன் இழுத்திருக்கிறான். அவிழவில்லை. மறுபடி மறுபடி இழுத்திருக்கிறான். கடைசியில் காதுதான் ஒடிந்து கையோடு வந்தது.

விசாரணையில் மேனேஜர் கேட்டார்: "அவரே கட்டிட்டு, அவரே மாட்டிக்கிட்டார் போல. அப்படித்தானே?"

கத்தரி தலையை ஆட்டினார். வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு தலையாட்டலோடு எல்லாம் முடிந்துபோனது.

அதன் பிறகு தங்கைக்குப் பேக்கிங் ஹாலில் வேலை கொடுத்தார்கள். அசட்டையாக இருந்து செத்தவன் பொண்டாட்டி என்று அவள் காதுபடவே பேசினார்கள். கத்தரி அவள் வீட்டுக்கு எல்லாமுமாக இருந்தார். கூரை ஒழுகினால் ஏணியோடு போய் நின்றார். கைக்குழந்தையாக இருந்த தங்கை மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார், படிக்க வைத்தார். இன்றைக்கு அவள் அதே ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரே சொன்னது. ஒவ்வொரு தடவை யாராவது அப்படிச் சொல்லும்போதும் அவர் கை சட்டைப் பைக் கத்தரியைத் தேடும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு வந்தவர் எண்ணெய் வால்வைப் பார்த்து நின்றுவிட்டார். கைப்பிடியைச் சுற்றி ஒரு ஷூ நாடா. எண்ணெய் இறக்கி முடித்ததும் முடிச்சை அவிழ்த்தவன், நாடாவை எடுக்க மறந்து தொங்க விட்டிருந்தான்.

முந்தின ஷிப்டு ஆளை எல்லோரும் அவசரம் என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிக்கிறவன். கெட்டிக்காரன், கம்ப்ரஸர் இரைச்சலை வைத்தே கோளாறு சொல்வான். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டிருக்கும்போது கத்தரி போய்ப் பிடித்தார். நாடாவைக் காட்டினார்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க" என்றான் அவசரம். "எல்லாரும் எப்பவாவது கட்டுறதுதான். நான் பக்கத்துலயேதான் நின்னேன். உங்க மாப்பிள்ளை மாதிரி அசட்டையா விட்டுட்டு இருப்பேனா?"

கத்தரி நாடாவைச் சுருட்டிக் கைக்குள் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷமும் கண்ணில் பட்ட கயிற்றையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தலையாட்டல் அவருக்கு முன்னால் ஓடி ஒவ்வொருவன் கையிலும் ஒரு கயிற்றைக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறது. செத்தவன் அசட்டைக்காரன் என்றால், அசட்டை இல்லாதவன் கட்டலாம்தானே? தன்னை அசட்டைக்காரன் என்று எவன் நினைத்துக்கொள்வான்?

மறுநாள் பாதுகாப்புக் கூட்டம் இருந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, மெல்லப் பேசுகிற சின்ன வயசுப் பெண், பழைய விபத்தின் படங்களைத் தேடி எடுத்திருந்தாள். எல்லா ஷிப்டும் வரவேண்டும் என்று அறிவிப்பு. அன்று சாயங்காலம் கத்தரி தங்கை வீட்டுக்குப் போனார். வழக்கம்போலக் கையில் காய்கறிப் பை.

தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வாண்ணா. சாப்பிட்டியா?" என்றாள்.

"நாளைக்கு மீட்டிங்."

"தெரியும்."

"போட்டோ எல்லாம் காட்டுவாங்க. நீ வராதேம்மா."

"ஏன் வரக்கூடாது?"

அவர் பையைக் கீழே வைத்தார். வைத்ததைத் திரும்ப எடுத்தார். "அந்தக் கட்டு மாப்பிள்ளை போட்டது இல்ல" என்றார்.

தங்கை குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கொண்டு வந்தாள். அடியிலிருந்து எதையோ எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மடங்கி ஒடிந்த ஒரு நீலப் பட்டைத் துண்டு.

"அவர் கை யாருக்கும் விரியல. எனக்குத்தான் விரிஞ்சுது. உள்ள இது இருந்துது" என்றாள். "பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. ஸ்கூலுக்குப் போறப்ப என் புத்தகத்தை எல்லாம் இப்படித்தானே கட்டிக் குடுப்ப? முயல் காதுன்னு நான்தானே பேர் வெச்சேன். அவருக்கு ஷூ நாடாகூடக் கட்ட வராதுண்ணா. தினமும் நான்தான் குனிஞ்சு கட்டிவிடுவேன்."

கத்தரி காய்கறிப் பையைக் கீழே வைத்தார். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ பையைத் தூக்கிட்டு வர்றப்பெல்லாம், இன்னிக்குச் சொல்லிடுவான்னு நினைப்பேன். நீ சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிடுவ." அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "நானா கேட்டிருந்தா அன்னிக்கே எனக்கு அண்ணனும் இல்லாமப் போயிருப்பான். கையில குழந்தை. அதையும் யோசிச்சேன், இல்லேங்கல."

"என்னை மன்னிச்சு…"

"என்கிட்ட கேக்காதே. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி அவரை அசட்டைன்னு சொல்லப்போறாங்க. என் பொண்ணு உக்காந்து கேட்டுட்டு இருப்பா. சொல்றதை அங்க வந்து சொல்லு. இதையும் எடுத்துட்டுப் போ."

கூட்டம் பேக்கிங் ஹாலில் நடந்தது. பெல்டுகளை நிறுத்தியிருந்தார்கள், நாற்காலிகள் போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். முன்வரிசையில் தங்கை, பக்கத்தில் மகள். பின்சுவரில் சாய்ந்தபடி மாப்பிள்ளையும் நின்றிருந்தான். கம்ப்ரஸர் அறையைத் தாண்டி அவன் வந்து கத்தரி பார்த்ததே இல்லை.

அதிகாரி படத்தைப் போட்டாள். கைப்பிடி, அதைச் சுற்றிய நீலப் பட்டை, வெள்ளையாக உறைபனி. "இது ஒரு ஆப்பரேட்டரோட கவனக்குறைவு" என்று ஆரம்பித்தாள். "அவரே கட்டி…"

கத்தரி எழுந்துவிட்டார். ரெண்டு நிமிஷம்தான், உக்காந்துட்டா முடிஞ்சுபோச்சு, யாரு பாக்கப் போறா என்று பின்சுவரிலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். சட்டைப் பையிலிருந்து நீலத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கட்டு போட்டது நான். அவன் வேண்டாம்னு சொன்னான். விட்டுட்டுப் போங்க மச்சான்னு சொன்னான். நான்தான் கட்டினேன். ஒரு இழுப்புல அவிழும்னு சொல்லி அவனை அங்க நிக்க வெச்சேன். அவன் என்னை நம்பினான். செத்தப்புறம் பழியை அவன் தலையிலயே போட்டுட்டேன்."

அவசரம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"அசட்டையான ஆளு கட்டமாட்டான். வேலை தெரிஞ்சவன்தான் கட்டுவான். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்புறவன்தான் கட்டுவான். அன்னிக்கு இந்த ஃபேக்டரியில என்னைவிட வேலை தெரிஞ்சவன் யாரும் இல்ல."

தங்கை மகள் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே அதிர்ச்சி இல்லாததைக் கண்டதும் அவள் முகம் இன்னும் வெளுத்தது. தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

கத்தரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவசரம் எழுந்து வந்தான். நடையில் அவசரமே இல்லை. குனிந்து தன் ஷூ ஒன்றிலிருந்து நாடாவை உருவி நீலத் துண்டின் பக்கத்தில் வைத்தான். குளிர்கிடங்குக்காரர் ஒருவர், கதவு மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டையைக் கொண்டு வந்து வைத்தார். பெல்டு ஓட்டும் பெண் ஒருத்தி, நிறுத்தும் பொத்தான் உள்ளே போகாமல் அடைத்து வைக்கும் அட்டைத் துண்டை வைத்தாள். கம்பித் துண்டு, பழைய துணிக்கிழிசல், இன்னொரு பட்டை என்று வந்துகொண்டே இருந்தன. அதிகாரி திரையை அணைத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "இதெல்லாம் ஏன் தேவைப்படுதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். அன்றைக்குப் பட்டாணி வேலை பாதிதான் நடந்தது.

மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை வேலையில் இருக்கச் சொன்னார்கள். தங்கை மகள் அவரோடு பேசவில்லை. நடைவழியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவாள், அந்நியருக்கு விடுவதுபோல. மாமா என்று அவள் கூப்பிட்டுக் கேட்கும் நாள் இனி உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அடுத்து எண்ணெய் இறக்கும் நாள் வந்தது. அவசரம் கதவருகே நின்றான். கத்தரி கைப்பிடியை இழுத்துப் பிடித்தார். எண்ணெய் கறுத்த நூலாக வாளியில் இறங்கியது. எதிரே நீலக் கிரேட் காலியாக இருந்தது. வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வராதது வந்ததைவிடப் பயமாக இருந்தது.

கதவருகே பேச்சுக்குரல் கேட்டது. அவசரம் யாருக்கோ முகமூடியைக் கழுத்தில் மாட்டிவிட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே வந்தாள். இத்தனை வருஷம் அதே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவள், அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"எங்க நின்னார்?" என்று கேட்டாள்.

கத்தரி மோவாயால் காட்டினார். அவள் அங்கே போய் நின்று பார்த்தாள். பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தாள். அது எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று கண்ணால் அளந்தாள். பிறகு நீலக் கிரேட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகும்மா."

"கை வலிக்குமா?"

"வலிக்கும்."

"வலிச்சா என்ன பண்ணுவ?"

"விட்டுடணும். தானா மூடிக்கும். கையை உதறிட்டுத் திரும்பப் பிடிச்சுக்கலாம்."

அவள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுக் காட்டு" என்றாள்.

அவர் கையை எடுத்தார். படக்கென்று மூடிக்கொண்டது. எண்ணெய் நூல் மெலிந்து அறுந்தது. கடைசிச் சொட்டு வாளியில் விழுந்தது, அதன்பின் ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானாண்ணா?" என்று கேட்டாள் தங்கை.

அவர் மரத்துப்போன கையை மறு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதாம்மா" என்றார்.